நாற்பத்து மூன்றாம் இலக்கக் கதிரை

போன கிழமை இறுப்பிட்டியில் என் மச்சான் ஒருவரின் செத்தவீடு நடந்தது. அது முடிந்து மூன்றாம் நாள் என் கைத்தொலைபேசிக்கு ஒரு தகவல் வந்தது. 'உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு திருப்தி அளித்தது? ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடவும்.' கீழே ஐந்து வெறும் நட்சத்திரங்கள், நிறம் இல்லாமல், வரிசையாக நின்றன. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தேன். மச்சானின் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். பந்தல், கதிரை, பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு நிறுவனத்திடம் தொலைபேசியிலேயே ஒப்படைத்துவிட்டு, ஊரில் இருக்கிற ஆள் என்று என் இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் நட்சத்திரம் இடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மகளே, நீ கனடாவில் இருந்து சொன்னாய்: "அஞ்சையும் அமத்தி விடுங்கோவன் அப்பா. அந்தப் பெடியளுக்கு அதாலதான் நல்ல பேர்." மகனே, நீ தொலைபேசிக் கம்பனியின் கவுண்டரில் நாள் முழுக்க இருந்து சனத்தின் முறைப்பாடு கேட்கிறவன். நீ வேறு மாதிரிக் கேட்டாய்: "வாடிக்கையாளரை எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கிறது எண்டு எங்களுக்கு ரெண்டு நாள் வகுப்பு வைச்சவங்கள் அப்பா. அந்தக் காலத்தில நீங்கள் எப்பிடிப் பிடிச்சு வைச்சிருந்தனீங்கள்?" நான் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்து வைத்த கதை தெரியாது. விட்ட கதைதான் தெரியும். அதை உங்கள் இருவருக்கும் எழுதலாம் என்று இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை. முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி உடுத்தி, முதுகில் நாடா கட்டியிருந்தார்கள். மின்விசிறி கூட வைத்தார்கள். நான் ஓரமாக ஒரு கதிரையில் இருந்தேன். துணிக்குள் இருந்து புதுப் பிளாஸ்ரிக் மணம் வந்தது. இருந்த கையோடு என் வலது கை தானாகவே கதிரையின் அடிப்பக்கம் போய்த் தடவியது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் கதிரைகளுக்கு இலக்கம் உண்டு. நீங்கள் சின்னனாக இருந்தபோது சரவணை ஊரில் எங்கள் வீட்டின் பின் கொட்டிலில் அடுக்கியிருந்த இரும்பு மடிப்புக் கதிரைகள் நினைவிருக்கும். மொத்தம் அறுபது. ஊரை விட்டு ஓடிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எங்களிடமும் மற்றவர்களிடமும் வீட்டுக்கு ஒரு கதிரை உருப்படியாக இல்லை. யாழ்ப்பாணத்தில் தொழிலை விட்ட ஒரு கதிரை வாடகைக்காரரிடம் அந்த அறுபதையும், பந்தலுக்கு இரண்டு படங்கையும், சமையலுக்கு நாலு கிடாரத்தையும் வாங்கி வந்து பச்சை வர்ணம் அடித்தேன். வெயிலில் காய்ந்த பச்சை வர்ணமும் அதற்குள் இருந்து எட்டிப் பார்க்கிற துருவும் சேர்ந்து ஒரு மணம் வரும். உங்கள் அம்மா அதை 'உங்கடை அப்பான்ரை சென்ற்' என்பாள்.

ஒன்றிலிருந்து முப்பது வரை கலியாணவீட்டுக்கு. முப்பத்தொன்றிலிருந்து அறுபது வரை செத்தவீட்டுக்கு. சனம் அதில் வலு கவனம். கலியாணப் பந்தலில் இருக்கிற மனிசர் குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேட்டியை ஒதுக்கி அமருவார்கள். ஒரே வர்ணம், ஒரே இரும்பு, ஆனால் இலக்கம் முப்பதைத் தாண்டினால் அது சாவுக் கதிரை. ஒருமுறை பெரியபிள்ளையான பெட்டை ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குத் தவறி முப்பத்தைந்தாம் இலக்கம் போய்விட்டது. அந்த வீட்டு மாமி அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஒழுங்கையில் வைத்துவிட்டுப் போனா. மாலை நான் போகும்வரை அது அங்கேயே தனியாக, பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல நின்றது.

கலியாணவீட்டுக்காரர் வெற்றிலையோடு வந்து நாள் சொல்லிப் போவார்கள். செத்தவீட்டுக்காரர் வந்து சொல்ல மாட்டார்கள். அவர்கள் எதையும் யாரிடமும் போய்க் கேட்கிற வழக்கம் இல்லை. கேள்விப்பட்ட ஆள் தானாகப் போகவேண்டும். ஐயரும் அப்படித்தான், துணி வெளுக்கிற கட்டாடியும் அப்படித்தான், கதிரைக்காரனும் அப்படித்தான். நான் செய்தி கேட்ட உடனே லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில் முப்பது கதிரையை ஏற்றிக்கொண்டு போவேன். படலைக்கு வெளியே மிசினை நிற்பாட்டிவிட்டுக் கதிரைகளைக் கையில் தூக்கிப் போய் நிழலில் விரிப்பேன். யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன். இரும்புக் கதிரையை விரித்தால் 'படார்' என்று சத்தம் வரும், அழுகிற வீட்டில் அது கூடாது. அதனால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கால்கள் மடிகிற இடத்தில் சுற்றிக் கட்டியிருந்தேன். முப்பத்தொன்றிலிருந்து அறுபது வரைக்கும் மட்டும். அவற்றை எத்தனை தரம் விரித்தாலும் மடித்தாலும் ஒரு சத்தம் வராது. சனத்துக்கு இது பிடித்திருந்தது. "அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது" என்று சொல்லுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்கியது.

கனகசபை முதலாளியை உங்களுக்குத் தெரியும். சரவணையில் எங்களுக்கு நாலு ஒழுங்கை தள்ளி இருந்தவர். இளம் வயதில் காலிக்குப் போய்ப் பலசரக்குக் கடை போட்டு, கலவரத்தில் அடிபட்டு, மறுபடி போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு வந்தவர். அவருக்கும் அவர் மனைவி பூமணி அக்காவுக்கும் ஊரில் பெரிய சொந்தம். சரவணையில் பாதிப் பேர் அவர்களின் ஆட்கள் என்று சொல்லலாம். அவர்கள் வீட்டுக் கலியாணம், கோயில் பூசை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் என் கதிரைதான் போகும். அந்தச் சொந்தம் என்னை விட்டுப் போனால் என் கொட்டில் காலி. இது எனக்கும் தெரியும், உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

அந்த நாட்களில் வேலணைப் பக்கம் ஒருவர் புதிதாக நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரைகளை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். பாரம் இல்லாத கதிரை. ஒரு ஆள் பத்தைத் தூக்குவான். ஒரு செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர முன்னம் நீலக் கதிரை போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கே மணி அடித்தாலும், எந்த வீட்டு வாசலில் நாலு பேர் கூடினாலும், என் கால் மிசினடிக்குப் போகும்.

கனகசபை முதலாளி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமையாக இருந்தார். 'இனிச் சரிவராது' என்று ஊரில் கதை. ஒரு மத்தியானம் சந்தியில் நின்றபோது ஒரு வான் மெல்ல மெல்ல வந்தது. முன் இருக்கையில் பூமணி அக்காவின் தம்பி, தோளில் துவாயோடு, ஒருவரையும் பார்க்காமல் இருந்தார். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. இருக்கைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி தெரிந்தது. சரவணைப் பக்கம் திரும்பியது.

அன்று என்னைத் தள்ளியது இரக்கமா, நீலக் கதிரையின் பயமா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் முப்பது கதிரையோடு அந்த வீட்டுப் படலையில் நின்றேன். வீட்டுக்கு உள்ளே எல்லோரும் ஏதோ அலுவலாக ஓடித் திரிந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பூவரச மர நிழலில் நான் பாட்டுக்கு விரித்துக்கொண்டு போனேன். ரியூப் துண்டு போட்ட கதிரை அல்லவா, ஒரு சத்தமும் இல்லை. இருபத்தாறாவதையோ இருபத்தேழாவதையோ விரிக்கும்போது பூமணி அக்கா ஒரு கோப்பையில் மல்லித் தண்ணியோடு குசினியால் வெளியே வந்தா. வந்தவ அப்படியே நின்றுவிட்டா. முற்றத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. கோப்பையில் இருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இது ஆருக்கு?" என்றா.

அந்தக் கோப்பையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. செத்த ஆளுக்கு யாரும் மல்லித் தண்ணி கொண்டுபோக மாட்டார்கள்.

"அக்கா, நான் வான் போனதைப் பாத்தனான்..."

"பாத்தனியோ? பாத்தவனுக்கு எட்டி ஒருக்கால் உள்ளுக்கும் பாக்கத் தெரியேல்லையோ? வீட்டில வைச்சுப் பாருங்கோ எண்டு ஆஸ்பத்திரியால விட்டவை, மனிசன் உயிரோட கட்டில்ல கிடக்கு. நீ வந்து சாவுக் கதிரையை விரிக்கிறாய்."

"தெரியாமல் செய்திட்டன் அக்கா."

"எடு. ஒண்டும் மிச்சம் விடாமல் எடு. இனி உன்ரை இரும்பு என்ரை படலை தாண்டப்படாது."

நான் மடிக்கத் தொடங்கினேன். அப்போது உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் கடைக்காரக் குரல்.

"ஆர் அது வந்திருக்கிறது?"

பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். முதலாளி மறுபடி கேட்டார். கடைசியில் நானே போய் அறை வாசலில் நின்றேன். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் பழைய கண்.

"என்ன கொண்டு வந்தனீர்?"

"கதிரை, முதலாளி."

"எத்தினை?"

"முப்பது."

மூச்சு வாங்கினார்.

"முப்பதே? ஐம்பது வருசம் கடை நடத்தின மனிசனுக்கு முப்பது காணும் எண்டு நினைச்சீரோ? என்ரை செத்தவீட்டுக்கு அறுபதும் வரவேணும். விளங்கிச்சோ?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஓம் முதலாளி" என்றேன்.

"அதில ஒண்டை இஞ்சை விட்டிட்டுப் போம். எழும்பினா இருக்கிறதுக்கு."

பூமணி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போகவில்லை என்பது அதிசயம். ஆனால் நோயாளி கேட்டதை மறுக்க அவவால் முடியவில்லை. கைக்கு அகப்பட்ட கதிரையை அறையின் மூலையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அடுக்கும்போதுதான் கண்டேன், அங்கே விட்டு வந்தது நாற்பத்து மூன்றாம் இலக்கம்.

அவர் எழும்பினார். அதுதான் அவர். மூன்று மாதத்தில் எழும்பிப் பூவரச மரத்தடியில் நாற்பத்து மூன்றில் இருக்கத் தொடங்கினார். போகிற வருகிறவர்கள் கேட்டால், "எமன் வந்தால் இருக்கச் சொல்லக் கதிரை வேணுமெல்லோ, அதுதான் முற்கூட்டியே எடுத்து வைச்சிருக்கிறன்" என்பாராம். அவர் சிரித்தார். ஊர் சிரித்தது. பூமணி அக்கா சிரிக்கவில்லை.

அவவின் சொந்தம் முழுக்க நீலக் கதிரைக்கு மாறியது. யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. சந்தியில் கண்டால் பேசினார்கள். ஆனால் வெற்றிலை வரவில்லை. சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனால், "எனக்கு நேற்றில இருந்து காய்ச்சல். தயவு செய்து கதிரை அனுப்பிப் போடாதையும்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர், "இருமினாலே போதுமாம், ஆள் மிசினை இழுத்துக்கொண்டு வந்திடுவாராம்" என்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா, "ஊருக்கெல்லாம் முந்திக்கொண்டு போறியள். எனக்கு மட்டும் ஒரு தீவாளிச் சேலையாவது முந்தி வந்ததோ?" என்பாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பின்கொட்டிலில் கலியாணக் கதிரைகளில் சிலந்தி வலை கட்டியதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

வலித்தது என்ன தெரியுமா? நீலக் கதிரைக்காரர் கேட்டால்தான் வருவார். செத்தவீட்டுக்கும் யாராவது போய்ச் சொன்னால்தான் வருவார். என்னைவிட அதிகமாக அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றைக் குறைத்துத்தான் செய்தார்.

கனகசபை முதலாளி மட்டும் என்னோடு பழையபடிதான். சைக்கிளில் போனால் மறிப்பார். "இண்டைக்கு ஆரைக் கொல்லப் போறீர்?" என்று கேட்பார். ஒருநாள் மறித்து வைத்துத் தன் காலிக் கடைக் கதை ஒன்று சொன்னார். ஒரு சிங்களப் பெண், பல வருசமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடம்தான் அரிசியும் பருப்பும் வாங்குவா. அவ வாய் திறக்க முன்னமே இவர் நிறுத்துக் கட்டி வைத்துவிடுவாராம். ஒரு சனிக்கிழமை அவ வழக்கத்தில் பாதியை மட்டும் கேட்டா. இவர் பகிடியாக, "என்ன, வீட்டில ஆள் குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கிழமைதான் அவவின் புருசன் வீட்டை விட்டுப் போயிருந்தான்.

"பேந்து அந்த மனிசி என்ரை கடைப் பக்கம் வரேல்லை. எதிர்க்கடைக்குப் போகேக்கை என்ரை வாசலைத் தாண்டித்தான் போகோணும். குடையை இந்தப் பக்கம் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு போவா."

அதைச் சொல்லிவிட்டு நாற்பத்து மூன்றின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார். நான் அதிலிருந்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். இனி யாரும் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு கட்டினேன். அவர் அதைச் சொன்னாரா, வெறுமனே தன் கவலையைச் சொன்னாரா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புறப்படும்போது, "அறுபது, மறந்திடாதையும்" என்றார். அது மட்டும் காதில் நின்றது.

அப்படியே நாலு வருசம் போனது. அதற்குள் ஊரில் எல்லோர் கையிலும் தொலைபேசி வந்துவிட்டது. என்னிடமும் ஒன்று. ஒரு பங்குனிக் காலை மீன்காரர் வந்து உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். விடியப்புறம் கனகசபை முதலாளி கட்டிலில் படுத்தபடியே போய்விட்டாராம். இந்தமுறை பொய்யில்லை. பறைச் சத்தமும் கேட்கத் தொடங்கியது.

ஏழு மணிக்கு முன்னமே கதிரைகளை ஏற்றிவிட்டேன். ஐம்பத்தொன்பது. கலியாணக் கதிரை முப்பதையும் சேர்த்துத்தான். அவற்றுக்கும் ரியூப் துண்டு கட்டினேன். கட்டும்போதே தெரியும், செத்தவீட்டுக்குப் போன பிறகு அந்த முப்பதைக் கலியாணத்துக்கு யாரும் எடுக்கப் போவதில்லை என்று. பரவாயில்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. அறுபதாவது அந்த வீட்டிலேயே இருக்கிறது. எல்லாம் சரி. மிசினை ஒழுங்கைக்கு இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையில் தொலைபேசியோடு படலையில் நின்றேன்.

"போங்கோவன்" என்றாள் உங்கள் அம்மா.

"கேக்கட்டும்."

"செத்தவீட்டுக்காரர் எப்ப வந்து கேட்டவை?"

"என்ரை இரும்பு அவவின்ரை படலை தாண்டப்படாது எண்டு சொன்னவ. நான் கேக்காமல் போய் ஒருக்கால் பட்டது காணும். ஒரு ஆள் வந்து 'கொண்டு வா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். போன் இருக்குத்தானே."

"அந்த மனிசன் சொன்னதெல்லோ. நாலு வருசத்துக்கு முன்னமே சொல்லிப் போட்டுது."

நான் ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்றேன். பேசினால் போயிருப்பேன். எட்டு மணியானது. ஒன்பது மணியானது. சனம் வெள்ளை உடுப்போடு ஒழுங்கையால் போனது. என் மிசினையும் அதில் அடுக்கியிருந்த கதிரைகளையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனது. தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன், சார்ஜ் இருக்கிறதா, சத்தம் கூட்டியிருக்கிறதா என்று. வெயில் ஏறியது. இரும்பு சூடானது. பதினொரு மணிபோல ஒரு லொறி என்னைக் கடந்து போனது. பின்னால் நீலக் கதிரைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, கோபுரம் போல.

பிறகு நான் மிசினை விட்டுவிட்டுச் சைக்கிளில் வெறுங்கையோடு போனேன்.

வயதானவர்கள் மதிலோரம் குந்தியிருந்தார்கள். சிலர் நாலு மணி நேரமாக வெயிலில் நின்றிருந்தார்கள். நீலக் கதிரைகளை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள், 'டங் டங்' என்று. ஆனால் என் கண் போனது வேறு இடத்துக்கு. பூவரச மரத்தடியில், நான் அன்றைக்கு வரிசையைத் தொடங்கிய அதே இடத்தில், நாற்பத்து மூன்றாம் இலக்கம் தனியாக விரித்து வைக்கப்பட்டிருந்தது. துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அத்தனை சனம் நின்றும் அதில் ஒருவரும் இருக்கவில்லை. பூமணி அக்காவின் தம்பி என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"அக்காதான் விடிய இந்தக் கதிரையைக் கொண்டு வந்து வைச்சவ. 'அவன் மிச்சத்தைக் கொண்டுவந்து இதோட சேத்து அடுக்குவான், ஆரும் இதை அசைக்க வேண்டாம்' எண்டு. பத்து மணி வரைக்கும் வேலணை நீலக் கதிரைக்குச் சொல்ல விடேல்லை. பேந்து கிழடுகள் வெயிலுக்கை நிண்டு ஏலாமல் போச்சு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தால், உங்கள் அம்மா ஒழுங்கையில் மிசினுக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இருவருமாகச் சேர்ந்து ஐம்பத்தொன்பதையும் இறக்கினோம்.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று போனேன். பூமணி அக்கா குசினி வாசலில் இருந்தா. நெற்றியில் ஒன்றும் இல்லாமல் ஆளே சின்னனாகிவிட்டா. நான் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"தம்பி, அண்டைக்குக் கேக்காமல் வந்தனீ. அதுக்கு நான் நாலு வருசம் கோவிச்சனான். பிழை இல்லை, என்ரை மனிசனுக்காகக் கோவிச்சனான். ஆனா இந்தமுறை நீ வராமல் விட்டதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"நீங்கள் கூப்பிடுவியள் எண்டு நிண்டனான் அக்கா."

"நான் எப்பிடியடா கூப்பிடுறது? நான் அங்கை அவரின்ரை தலைமாட்டிலயெல்லோ இருந்தனான்."

யாரோ எனக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறி. அதன் உருசை இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது, நல்ல உருசையாகத்தான் இருந்தது.

மகனே, உன் வகுப்பில் இதற்கு என்ன பெயர் சொல்வார்களோ எனக்குத் தெரியாது. வாடிக்கையாளரைப் பிழையால் இழக்கிறது என்று படிப்பித்திருப்பார்கள். நான் பிழையால் இழக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் செய்த பிழையை அந்த வீடு நாலு வருசம் மரத்தடியில் வைத்து, துடைத்து, அதில் இருந்து வெற்றிலை போட்டுச் சீவித்தது. என் மானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாலு மணி நேரம்தான் அவர்களுக்கு வைக்க இடமில்லாமல் போனது. அதற்குப் பிறகும் நான் சில செத்தவீடுகளுக்குப் போனேன். போகலாமா, கேட்கட்டுமா, போகலாமா என்று படலையில் நின்று யோசித்துவிட்டுத்தான் போனேன். யோசித்துவிட்டுப் போகிற ஆளைச் சனம் கண்டுபிடித்துவிடும். பிறகு நானும் களைத்துப் போனேன். நீங்கள் இருவரும் படித்து முடிக்கிற காலத்தில் ஐம்பத்தொன்பதையும் பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிப் போனார். அவர் அவற்றை லொறிக்குள் எறிந்தார். அப்போதும் அவ்வளவாகச் சத்தம் வரவில்லை.

பூமணி அக்காவை அவவின் பிள்ளைகள் லண்டனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நீலக் கதிரைக்காரரின் மகன்மார் ஜேர்மனியில். அவரும் விட்டுவிட்டார். இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து துணி உடுத்திய கதிரை வருகிறது, தொலைபேசியில் கேட்டால் வருகிறது, சொன்ன நேரத்துக்கு வருகிறது. மச்சானின் செத்தவீட்டில் அந்த நிறுவனத்துப் பெடியன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, இன்னும் ஏதாவது தேவையோ?" என்று பணிவாகக் கேட்டான். நல்ல பெடியன். ஒன்றும் தேவையில்லை என்றேன். உண்மையாகவே ஒன்றும் தேவையாக இருக்கவில்லை. கேட்காமல் வருகிற ஒருவரும் அந்தப் பந்தலில் இல்லை என்பதைத் தவிர. அதை எப்படி ஒருவனிடம் கேட்டு வாங்குவது?

மகளே, நட்சத்திரத்தை நான் இன்னும் அமத்தவில்லை. அமத்துவேன், ஐந்தையும்தான். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

நேற்றுச் சந்திக்குப் போகிற வழியில் கனகசபை முதலாளியின் வீட்டடியில் சைக்கிளை நிற்பாட்டினேன். படலைக்குச் சங்கிலி போட்டிருக்கிறது. பூவரசு முற்றம் முழுக்கச் சருகு கொட்டியிருக்கிறது. விறாந்தையில், சுவரோடு சேர்த்து, நாற்பத்து மூன்றாம் இலக்கம் விரித்தபடியே இருக்கிறது. பச்சை வர்ணம் போய் முழுக்கத் துரு. ரியூப் துண்டு இன்னும் இருக்கிறதா, வெடித்து விழுந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். படலையில் நின்று பார்த்தால் தெரியவில்லை. யாராவது போய் மடித்துப் பார்த்தால்தான் தெரியும்.